கீழிருந்து அடித்த வெயில்

காலை பதினொன்று நாற்பது. பேருந்து நிறுத்தத்தின் மின்பலகையில் அந்த எண்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன, அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. ஐந்து மாத இருட்டுக்குப் பிறகு, ஸ்வீடனில் நாங்கள் இருக்கும் ஊரில் முதல்முறையாகச் சூடுள்ள வெயில் விழுந்திருந்தது. நிறுத்தத்தின் பின்னால் மஞ்சள் செங்கல் சுவர் ஒன்று உண்டு. அதில் முதுகைச் சாய்த்து, முகத்தை மேலே தூக்கி, கண்களை மூடிக்கொண்டு பதினைந்து பேராவது நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. சுவரில் இருந்தவர்கள் அசையவே இல்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினேழு ஆண்டுகளாகியும் அந்தக் காட்சி மட்டும் எனக்குப் பழகவில்லை. தூத்துக்குடியில் வெயிலைக் கண்டால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவோம். இங்கே அதன் முன்னால் யாரோ கட்டளையிட்டதுபோல் வரிசையாக நிற்கிறார்கள், உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு அசையாமல்.

என் மகள் ஹெப்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. குளிர்காலம் முழுக்கச் சோர்வு, மூட்டுவலி, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத காலைகள். வைட்டமின் டி குறைவு என்று சொல்லி ஒரு புட்டி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கறுத்த தோல்காரர்களுக்கு இங்கே எல்லோருக்கும் சொல்வதுதான். வெயில் கிடைத்தால் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். "நீயும் போய் நில்லு" என்று சொல்லி அவளை அந்தச் சுவரில், ஒரு கிழவருக்கும் குழந்தைவண்டி வைத்திருந்த பெண்ணுக்கும் நடுவில், என் கையால் நிறுத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். அடுத்த மூன்று வாரம், வெயில் வந்த நாளெல்லாம் அவளை வெளியே அனுப்பினேன். மூன்றாவது வாரத்தில் அவள் மூக்குத்தண்டின் மேலேறி இரு கன்னங்களுக்கும் ஒரு தடிப்பு பரவியது. சிறகை விரித்து அமர்ந்த பூச்சியின் வடிவம். தொட்டால் சூடாக, லேசாக மேடிட்டு இருந்தது.

மருத்துவ ஆலோசனைக்கான தொலைபேசியில் பேசிய செவிலி, "சிவந்திருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை, கறுத்திருக்கிறது, கத்தரிக்காய்த் தோல்போல் ஊதாவாக இருக்கிறது என்றேன். "சிவப்பு இல்லை, அப்படித்தானே?" என்று திரும்பவும் கேட்டார். தட்டச்சு செய்யும் சத்தம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவரும் தவறாகக் கேட்கவில்லை. எங்கள் தோலில் சிவப்பு அப்படித்தான் தெரியும் என்பதை இருவரில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு பதிலால் ஆறு வாரம் போனது.

ஜூன் மாதம் பெயர் தெரிந்தது. ரத்தத்தில் ஒரு சோதனை, பிறகு இன்னொன்று, பிறகு சிறுநீர். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, மருத்துவமனையில் உயரமான மருத்துவர் ஒருவர், "லூப்பஸ்" என்றார். ஓநாய் என்பதற்கான பழைய லத்தீன் சொல்லாம். வீடு திரும்பும் ரயிலில் ஹெப்சிதான் கைபேசியில் படித்துச் சொன்னாள். முற்காலத்தில் அந்தத் தடிப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஓநாய் கடித்ததுபோல் இருந்ததாம். "கடிச்சது யாருன்னு தெரியுமா அம்மா? நானேதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பையே அந்நியன் என்று எண்ணித் தாக்கும் நோய், தொற்றாது, முழுதாக நீங்காது, ஆனால் அடக்கி வைக்கலாம், வெயில் ஆகாது என்று மருத்துவர் மெதுவாக, எனக்காகவே எளிய சொற்களில் சொல்லியிருந்தார். இணைப்புத்திசு என்ற சொல்லையும் நான்கைந்து முறை சொன்னார். நான் வேதியியல் படித்தவள், இங்கே குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். தலையை ஆட்டினேன். புரிந்ததாகவே நினைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் திரைகள் மூடின. கோடையில் இங்கே காலை நான்கு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், இரவு பத்துவரை போகாது. ஊரே ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்த மாதங்களில் நாங்கள் விளக்கு போட்டுச் சாப்பிட்டோம். கீழ்வீட்டு இங்ரித் ஒருநாள் வாசலில் வெள்ளைப் பூக்கள் கொண்ட தொட்டி ஒன்றையும் ஏற்றாத மெழுகுவத்தி ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. வீட்டில் சாவு விழுந்ததால்தான் திரைகள் மூடியிருக்கின்றன என்று அவர் நினைத்திருக்கிறார். யாரும் இல்லை, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டின் மேலே பார்த்தார். ஹெப்சி இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஸ்டீராய்டு மாத்திரையால் அவள் முகம் அதற்குள் உருண்டு, கண்கள் உள்ளே போயிருந்தன. இங்ரித்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "விருந்தாளியா?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. வெளியே போய்வந்தால் மூன்று விரல்கள் மட்டும் மெழுகுபோல் வெளுத்து, பிறகு நீலம் ஏறி, பிறகு மெல்ல அவளுடையவையாகும். அதுவரை அவற்றை மேசைமேல் வைத்து, வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப்போல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் மருந்து வேலை செய்தது. தடிப்பு மங்கியது. ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். கல்லூரிக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு அறை கொண்ட டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை எடுத்து வைப்பது என் வேலை. அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரியில் எஸ்தர் அக்காவின் மகள் பியூலாவுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். கணவருக்கு ஸ்வீடனில் அவர் வேலை பார்க்கும் துறைமுகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. நானும் ஹெப்சியும் ஏழு வாரத்துக்குப் புறப்பட்டோம். வெயிலுக்கு முழுக்கை சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை, மூன்று குப்பி வெயில்தடுப்புக் களிம்பு என்று எல்லாம் எடுத்துக்கொண்டேன். நோயின் பெயரை அக்கா ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தேன். மற்றவர்களுக்கு 'அலர்ஜி' என்று சொல்லும்படி ஹெப்சிக்கும் சொல்லி வைத்தேன். ஏன் என்று கேட்டாள். நாளைக்கு உனக்கும் ஒரு கல்யாணம் பேச வேண்டாமா என்றேன். வெளிநாட்டில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தக் கணக்கை மட்டும் பெட்டியில் வைத்தே கொண்டுபோகிறோம். இதைப் படிக்கும் பலருக்கும் அது தெரியும்.

போன அன்றே வீடு நிறைய ஆட்கள். அக்காவின் நாத்தனார் ஹெப்சியைக் கடந்துபோய் என்னிடம் வந்து, "பிள்ளைய எங்க?" என்றாள். பக்கத்தில் நிற்பவள்தான் என்று காட்டினேன். "ஏ ஆத்தே! இவளா? அங்கன சோத்துக்குப் பதிலா வெண்ணெயத் திங்கியளோ? முகம் பன்னு கணக்கால்லா இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். ஹெப்சியும் சிரித்தாள். அன்று சாயங்காலம் கண்ணாடி இருந்த அலமாரிக் கதவை கண்ணாடி சுவரைப் பார்க்கும்படி அவள் முழுதும் திறந்து தள்ளி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், அடுக்களையில் அக்கா கேட்டாள். "அந்த மாத்திரையெல்லாம் என்னத்துக்குளா?"

"எதிர்ப்பு சக்தியக் குறைக்கதுக்கு."

அக்கா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "கூட்டுததுக்கா, குறைக்கதுக்கா?"

"குறைக்கதுக்குத்தான்."

"ஏளா, உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? ஊரெல்லாம் டெங்கு காய்ச்சல். கல்யாண வீடு, நூறு பேர் வந்து தும்முதான், இருமுதான். இருக்க சக்தியையும் குறைச்சுப்போட்டு பிள்ளைய நடுவுல உக்கார வைக்கியா? படிச்சவதான நீ?"

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லாம் கசாயச்சட்டி அடுப்பிலேயே கிடந்தது. எதிர்ப்பு சக்தி என்பது எங்களுக்கு வங்கியில் இருக்கும் பணத்தைப்போல ஆகிவிட்டது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. நானே ஸ்வீடனுக்குப் பொடி பொட்டலங்களை வரவழைத்துக் குடித்தவள். மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டியபோதும் எனக்குள் அந்தக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அத்துடன் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் 'பன்னு' என்ற சொல் என்னை விட்டுப் போகவில்லை. கல்யாணப் படங்களில் என் மகள் பழைய முகத்தோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லும் சீந்தில் கொடியும் இன்னும் சிலவும் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி எடுத்துக்கொண்டே, "யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"வேற இங்கிலீஷ் மருந்து ஓடுதா? பிரஷர், வாதம், அந்த மாதிரி?"

"இல்ல."

"ஓடுனா முதல்ல டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. சில உடம்புக்கு இது ஆகாது. கடையும் நானும் எங்கயும் ஓடிப்போயிர மாட்டோம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா மருந்து?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பொட்டலத்தை நூல் சுற்றிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் நான் மாத்திரை அடுக்கியபோது, ஸ்டீராய்டையும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மற்றதையும் எடுத்துவிட்டேன். அதே அளவில் வெள்ளையாக இருந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். மூன்றாவது மருந்து மலேரியாவுக்கும் கொடுப்பது என்று தெரியும். கொசு உள்ள ஊராயிற்றே, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு புத்திசாலித்தனம் எனக்கு. காலையில் கசாயம் கொடுத்தபோது, "காய்ச்சல் வராம இருக்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். ஒரு வாரத்தில் முகம் கொஞ்சம் வற்றியதுபோல் இருந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அத்தானுக்குத் தருவைகுளம் போகும் சாலையில் குத்தகைக்கு எடுத்த உப்பளம் உண்டு. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன் அங்கே போய்ப் படம் எடுப்பது எங்கள் ஊரில் வழக்கமாகியிருக்கிறது. குவித்து வைத்த உப்பு படத்தில் பனிமலைபோல் விழும். பியூலாவும் மாப்பிள்ளையும் கம்பளிச் சால்வை போர்த்தி, வியர்வை வழிய, உப்பின் நடுவே குளிரில் நடுங்குவதுபோல் நின்றார்கள். படம் பிடிப்பவன் ஹெப்சியிடம், "அக்கா, நீங்க நிஜப் பனிய பாத்தவங்க. சரியா நடுங்குதாங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். அவள் சத்தமாகச் சிரித்தாள். நான்கு மணிக்கு மேல் ஆகியிருந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் கூட்டிப் போனேன். தொப்பி இருந்தது, குடை இருந்தது. குடையை நானே அவள் தலைக்குமேல் பிடித்திருந்தேன்.

பாத்திகளின் நடுவில் இருந்த வரப்பில் நடக்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. திரும்பி அவளைப் பார்த்தேன். குடைக்கு அடியில் அவள் முகம் இருட்டாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துளைகள், புருவத்தின் கீழ்ப்புறம், நிழல் விழ வேண்டிய இடங்கள் எல்லாம் வெளிச்சமாக இருந்தன. கண்களுக்கு மேலேதான் நிழல். யாரோ அவள் மார்புக்கு நேராக விளக்கைப் பிடித்திருப்பதுபோல், முகம் தலைகீழாக எரிந்தது. உப்பிலும் உப்புநீரிலும் பட்ட வெயில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. குடை அதை வெளியே விடாமல் அவள் மீதே திருப்பிக் கொட்டியது. "அம்மா, இங்க நிழலே இல்ல" என்றாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் முகத்தைக் கண்வரை துணியால் சுற்றியிருந்தார்கள். எப்போதும் பார்த்ததுதான். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வண்டிக்குத் திரும்ப இருபது நிமிடம் ஆனது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், குளியலறைக் கதவைத் திறந்து ஹெப்சி என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, இது சோப்பா?" கழிப்பறைக் கிண்ணத்தில் வெள்ளையாக நுரை. நுரையைப் பார்ப்பது என் தொழில். பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர்ப் புட்டியைக் குலுக்கி வைத்துவிட்டு, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். அன்றும் என்னை அறியாமல் எண்ணினேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அது குறையவே இல்லை. ஒவ்வொரு குமிழியும் கண்ணைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தது. ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே கசிந்தால் இப்படி நுரைக்கும் என்று ஸ்வீடன் மருத்துவர் சொல்லியிருந்தார். அவளை உட்காரவைத்துக் கணுக்காலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. அதுவும் போகவில்லை. மாவில் பதித்ததுபோல் என் விரலின் அச்சு என் மகளின் காலில் அப்படியே இருந்தது.

அக்கா, "கல்யாணம் முடியட்டும்ளா, ரெண்டே நாள்தான?" என்றாள். ஆட்டோ பிடித்தேன்.

அந்தத் தனியார் மருத்துவமனைக்கு இந்த வகை நோய்களைப் பார்க்கும் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். அன்று வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீவைகுண்டத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்தது. சோதனை முடிவுகள் மதியத்துக்குள் வந்தன. புரதம் அதிகம், ரத்த அழுத்தம் அதிகம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஹெப்சியிடம், "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுதியா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட விடல டாக்டர். அம்மாதான் எடுத்து வைப்பாங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தேன். அவர் எழுதத் தொடங்கினார். "அப்போ இந்த மருந்து இவளுக்குப் பத்தல. இவ்வளவும் போட்டும் கிட்னிக்குள்ள போயிருக்குன்னா அடுத்த படிக்குத்தான் போகணும். அது கொஞ்சம் கடுமையான மருந்து. பின்னால குழந்தை பெறுததுல சிக்கல் வரலாம். அதைப் பாதுகாக்க என்ன செய்யலாம்னு முதல்லயே பேசிக்கிடணும்." "சரி டாக்டர்" என்றாள் ஹெப்சி. இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தச் 'சரி'யை அவள் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு சொல்லில் நான் அதை நிறுத்தலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மருந்து தோற்றது என்று தாளில் எழுதப்படும், மகள் அந்தக் கடுமையான மருந்துக்குப் போவாள், நான் நல்ல அம்மாவாகவே அருகில் இருப்பேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கு நீளமாக ஒலித்து நின்றது.

"அவ சாப்பிடல" என்றேன்.

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். சொன்னேன். எடுத்துவிட்டதையும், சுண்ணாம்பு மாத்திரை வைத்ததையும், சீந்திலையும், கடைக்காரரிடம் சொன்ன பொய்யையும், எத்தனை நாள் என்பதையும். சொல்லி முடிக்கும்வரை ஹெப்சியைப் பார்க்கவில்லை.

மருத்துவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஸ்டீராய்ட இப்படித் திடீர்னு நிறுத்துனா பிள்ள மயங்கி விழுந்திருக்கும்மா. உயிருக்கே ஆபத்து. தெரியுமா?" என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இங்க பாருங்க. இது எதிர்ப்பு சக்தி குறைஞ்ச நோய் இல்ல. இவகிட்ட அது நிறையவே இருக்கு. ஆள் யாருன்னு தெரியாம அடிக்கி. அதான் நோய். நீங்க அதுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டிருக்கிய."

"இணைப்புத்திசு நோய்னு சொன்னாங்க. மூட்டு மட்டும்னு..."

"உங்க புடவைய எடுத்துக்கோங்க. நூல் எங்கன இருக்கு? முந்தானையிலயா, கரையிலயா? எல்லா இடத்துலயும்தான? இந்தத் திசு அப்படித்தான் உடம்பு பூரா ஓடுது. தோலுக்கு அடியில, மூட்டச் சுத்தி, ரத்தக்குழாய்ல, நெஞ்சுக்கு உறை மாதிரி. அதனால இந்தச் சண்டை எங்க வேணும்னாலும் வரும். இன்னைக்கு முகத்துல, நாளைக்கு விரல்ல. இப்ப கிட்னியில. வெயில் பட்டா, தொத்து வந்தா, மருந்து நின்னா, மறுபடி கிளம்பிரும்." எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். "நல்லவேளை சொன்னிய. மருந்து தோக்கல. மருந்து உள்ள போகவே இல்ல. அப்போ வேற வழி இருக்கு."

அன்றே நரம்பு வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கினார்கள், மூன்று நாள். பிறகு சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கெட்டிருக்கிறது, ஆனால் மீட்கக்கூடிய அளவில் என்றார்கள். பியூலாவின் கல்யாணம் நாங்கள் இல்லாமல் நடந்தது. அக்கா கல்யாணப் புடவையோடு ஆலயத்திலிருந்து நேராக ஓடிவந்து, வாசலிலேயே நின்று அழுதாள். "நான்தான்ளா சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்றாள். செய்தது நான் என்றேன்.

ஹெப்சி சத்தம் போடவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவள், "யாராவது திரைய மூடுறீங்களா?" என்றாள். இன்னொரு முறை, "தண்ணி கிடைக்குமா?" அம்மா என்ற சொல்லை அவள் எடுத்துவிட்டிருந்தாள், நான் மாத்திரையை எடுத்ததுபோலவே, சத்தமில்லாமல். டப்பாவைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். தினமும் ஒவ்வொரு மாத்திரையையும் விரலால் புரட்டி, மேலே பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் விழுங்கினாள். நான் அருகில் உட்கார்ந்திருப்பேன். சொந்த வீட்டிலிருந்தே வந்த கை அவளுக்கு அந்நியக் கையாகிவிட்டது. அவள் உடம்பின் அணுக்களுக்கு இல்லாத நியாயம் அவள் சந்தேகத்தில் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

நான்கு வாரம் அப்படிப் போனது. நுரை குறைந்தது. சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்று எழுதிக் கொடுத்து எங்களை அனுப்பினார் அந்த மருத்துவர். அவளுடைய முகம் இப்போது முன்பைவிட வீங்கி, கண்கள் இரண்டு கோடுகளாகியிருந்தன. முடி பாதி போய்விட்டது. விமானத்தில் மூடிய ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கினாள்.

ஸ்வீடனில் இறங்கியதும் எங்கள் வரிசைகள் பிரியும். அவளும் அவள் அப்பாவும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டை விடவில்லை. விட்டால் ஏதோ அறுந்துவிடும் என்று ஒரு பயம். ஆகவே அவளுக்குக் கண்ணாடி வாயில்கள், எனக்கு நீண்ட வரிசை. எப்போதும் அவள் அரை நிமிடத்தில் அந்தப் பக்கம் போய், எனக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அன்று, முதலாவது கண்ணாடிக் கதவு திறந்து, அவள் உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொண்டது. தரையில் வரைந்திருந்த பாதங்களின் மேல் நின்றாள். எதிரே இருந்த கேமரா, முகத்தைக் கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிட, அவள் உயரத்துக்கு மெல்ல இறங்கி வந்தது. சிவப்பு விளக்கு. தொப்பியைக் கழற்றினாள். சிவப்பு விளக்கு. மிச்சமிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முகத்தை உயர்த்தி, அசையாமல் நின்றாள். மறுபடியும் சிவப்பு. முன்னாலும் திறக்கவில்லை, பின்னாலும் திறக்கவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அவள் அந்த வெளிச்சத்தில் முகத்தைத் தூக்கியபடி நின்ற நிலை எனக்குத் தெரிந்த நிலைதான். பதினொன்று நாற்பதுக்கு, ஒரு மஞ்சள் சுவரில், நான் அவளை அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

வரிசையை விட்டு விலகி அருகில் போனேன். ஒரு கயிறு தடுத்தது, அதைத் தாண்ட எனக்கு உரிமையில்லை. கடைசியில் ஒரு காவல் அதிகாரி வந்தார், பின்னல் போட்ட நடுவயதுப் பெண். அவசரப்படவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கடவுச்சீட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படம், திரும்பவும் முகம். ஏதோ கேட்டார். ஹெப்சி, "லூப்பஸ்" என்று சொன்னது கேட்டது. யாரிடமும் சொல்லாதே என்று நான் மூடி வைத்த பெயரை அவள் தெளிவாக, சாதாரணமாகச் சொன்னாள். அதிகாரி தலையசைத்துவிட்டு இன்னும் ஒருமுறை அவள் கண்களையே பார்த்தார். பிறகு கடவுச்சீட்டை மூடிக் கொடுத்து, தனியாகவா வந்தாய் என்று கேட்டார்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அம்மா" என்றாள். ஸ்வீடிஷில் இல்லை, தமிழில். அந்தப் பெண்ணுக்கு எப்படியோ அது புரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார், நீண்டு கிடந்த என் வரிசையைப் பார்த்தார். ஓரமாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்து ஹெப்சியை உட்காரச் சொன்னார். பிறகு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார்: "தோ வெந்தார் வி போ ஹென்னே." அப்படியானால் அவருக்காகக் காத்திருப்போம்.